அவள் கயிற்றைச் சுண்டவில்லை

மகனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை பார்த்தேனே. கொச்சியிலிருந்து மகளைக் கூட்டி வந்த களைப்பிலும், மூழ்கப் போன கப்பலைக் கரை சேர்த்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். அந்த நிற்பைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. நேரில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் உனக்கு ஃபோன் வந்துவிடுகிறது. வராவிட்டால் நீயே எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாய். காகிதத்திடம் அந்த வித்தை செல்லாது. உறையை ஒட்டவில்லை. உன் மனைவியும் படிக்கட்டும், அவள் அம்மாவும் படிக்கட்டும், உங்கள் காலனியில் பிள்ளைகளைக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தூக்கிக்கொண்டு அலைகிற எல்லாரும் படிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் இதில் எழுதிவிடப் போகிறேன்.

எட்டு நாள். ஜெனி அந்த ஹாஸ்டலில் இருந்தது எட்டே நாள். மாங்காய் உப்பில் ஊறக்கூட அதற்கு மேல் நாள் கேட்கும். கப்பல் கட்டுகிற படிப்புக்கு, உன் சிபாரிசு இல்லாமல், தானே எழுதி, தானே மார்க் வாங்கிப் போன பிள்ளை. ஒன்பதாம் நாள் நீ போய்ப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய். கேட்டால், "ஃபோன்ல அழுதாம்மா, தாங்க முடியல" என்கிறாய். யாருக்குத் தாங்க முடியவில்லை? அவளுக்கா, உனக்கா? திங்கட்கிழமைக்குள் பிள்ளை வந்து சேராவிட்டால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவர்கள் சொன்னதை, ஏதோ லாட்டரி விழுந்த செய்தி மாதிரி என்னிடம் சொன்னாய். திங்கட்கிழமை நீ மறுபடியும் போய் சர்டிபிகேட்டையும் மெத்தையையும் வாங்கி வரப் போகிறாயாம். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிற கல்லூரியில், அவள் கேட்காத ஒரு படிப்பில் சேர்க்கப் போகிறாயாம். தினமும் நீயே வண்டியில் கொண்டு போய் விடலாமே. உனக்கு வேறென்ன வேண்டும்.

அவள் ஏன் அழுதாள் என்று உன்னிடம் கேட்டேன். குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்றாய். அறையில் இருக்கிற பிள்ளைகள் மலையாளத்தில் பேசிச் சிரிக்கிறார்கள் என்றாய். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாய். சாப்பாட்டில் என்ன பிடிக்கவில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டாய். அதை அவள் வாயால் கேட்டேன். அங்கே மீனில் முள் இருக்கிறதாம். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையாம். தூத்துக்குடியில் பிறந்து, கடலுக்குள் போய் வந்தவர் பேத்தியாக வளர்ந்து, பதினெட்டு வயதில் மீனில் முள் எடுக்கத் தெரியாத ஒரு பெண்ணை நீ உண்டாக்கியிருக்கிறாய். இதற்கு எவ்வளவு உழைத்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உழைத்தாய். நான்தான் பக்கத்திலிருந்து பார்த்தேனே. கோயிலில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று உன் வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் இருக்கிறார்கள். நீ உன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாளை மீனில் முள் பொறுக்கினாய். "ஏலே, அவளே எடுக்கட்டும், கை இருக்குல்லா" என்றேன். "தொண்டையில மாட்டிச்சுன்னா நீயா வந்து எடுப்ப?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். உன் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதோடு விட்டாயா? எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடப் பையை நீ சுமந்தாய். ஒரு டீச்சர் அவளைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்தாள் என்று லீவு போட்டுவிட்டுப் போய் சண்டை போட்டாய். வீட்டுப்பாடம் எழுதாததற்குத்தான் நிற்க வைத்தாள் என்பதை உன் பெண்ணே என்னிடம் ஒத்துக்கொண்டாள். கண்காட்சிக்கு தெர்மாகோலில் கலங்கரை விளக்கம் செய்யச் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நீ செய்தாய், பல்பு கூட எரிந்தது. இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அந்த ஏமாற்றத்தில் இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள், அவளுக்கு அதில் என்ன வந்தது? சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, சீட்டிலிருந்து கையை எடுக்காமல் தெருத் தெருவாக ஓடினாய். கடைசியில் ஓடப் படித்தது நீதான். அவளுக்கு இன்றைக்கும் சைக்கிள் தெரியாது.

வியாழக்கிழமை இதையெல்லாம் சொல்லத் தொடங்கியதும் நீ என்ன சொன்னாய்? "ஒன்ன மாதிரி கல்நெஞ்சா என்னால இருக்க முடியாதும்மா. ஒம்பது வயசுப் பயல கோழியோட பஸ்ஸுல ஏத்தி விட்டவதான நீ." உன் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து "ஆமா அத்தை, அவங்க இன்னும் அதச் சொல்லிச் சொல்லிப் பொருமுவாங்க" என்றாள். சமையல் செய்கிறவளுக்கு அடுப்பைப் பார்க்கத் தெரியாதா? சரி, கோழிக்கு வருவோம். எத்தனை வருடமாக அந்தக் கோழியை என் மேல் எறிந்துகொண்டிருக்கிறாய்.

கீழவைப்பாரில் உன் அத்தைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பத்தியத்துக்கு நாட்டுக்கோழி கொண்டு போக வேண்டும். உன் அப்பா கடலுக்குப் போயிருந்தார், உன் தங்கைக்குக் காய்ச்சல். உன்னிடம் கூடையில் கோழியைக் கட்டிக் கொடுத்து, எங்கே இறங்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி ஏற்றிவிட்டேன். நீ தூங்கிவிட்டாய். கீழவைப்பாரைத் தாண்டி வேம்பார் போய் இறங்கினாய். கடைசி நிறுத்தத்தில் நின்று அழுதாய். அது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அழுது முடித்த பிறகு என்ன செய்தாய் என்பதை நீ சொல்வதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டக்டரிடம் போய், "அண்ணாச்சி, கீழவைப்பாருக்குத் திரும்பிப் போற பஸ் எது?" என்று கேட்டாய். அவர் பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பொழுது சாயும் முன்பு அத்தை வீட்டு வாசலில் போய் நின்று, "அத்த, கோழிக்கு மொதல்ல தண்ணி குடு" என்றாய். கோழி உயிரோடு இருந்தது. மறுநாள் வீட்டுக்கு வந்தபோது நடையே மாறியிருந்தது உனக்கு. ஒரு வாரம் தெருவில் ஒரு பயலையும் மதிக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நீ ஏறின பஸ் போன பிறகு நான் வீட்டுக்கு வரவில்லை. உன் தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அந்த பஸ் போய்த் திரும்புகிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கண்டக்டர் படியிலிருந்து இறங்கியதும் "கோழியோட வந்த பய எங்க?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒம் மவனா? அழுதான். பெறகு அவனே வந்து வழி கேட்டான். வேற பஸ்ஸுல ஏத்தியாச்சு, வீட்டுக்குப் போ தாயி" என்றார். ஓடி வந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். உடம்பெல்லாம் அதற்குத் துடித்தது. போகவில்லை. ஏன் போகவில்லை என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

உன் அப்பா சங்கு குளித்த காலத்தில் இப்போது போல முகமூடியும் காற்றுக் குழாயும் கிடையாது. இறங்குவதற்குக் காலில் ஒரு கல், இடுப்பில் வலைப்பை, உடம்பைச் சுற்றி ஒரு கயிறு. மூச்சை அடக்கிக்கொண்டு அடிமணலுக்குப் போக வேண்டும். மேலே வள்ளத்தில் ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உன் தாத்தா முத்துக் குளித்த நாளிலிருந்தே, கயிறு பிடிப்பவன் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கரையில் வழக்கம். கூலிக்கு வந்தவன் கை தளர்ந்துவிடுவான். மச்சினன் தளர மாட்டான், தளர்ந்தால் தாலி அறுப்பது அவன் அக்கா. உன் அப்பாவுக்குக் கயிறு பிடித்தவன் என் தம்பி, உன் தாய்மாமன்.

கயிறு சும்மா இருக்காது. நீரோட்டம் இழுக்கும். கீழே இருப்பவர் நகர்ந்தால் துடிக்கும். அதெல்லாம் கூப்பிடுவது இல்லை, வேலை நடக்கிறது என்று அர்த்தம். மேலே வர வேண்டும் என்றால் கீழேயிருந்து வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டுவார்கள். அந்தச் சுண்டு வேறு. அது வந்த நொடியில் உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். அது வரும் வரைக்கும் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பதுதான் பாடு.

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். அவர் கடலுக்குப் போனால் எனக்கு வீட்டில் மூச்சு முட்டும். ஒரு நாள் விடியும் முன்பே என் தம்பிக்குக் கறி ஆக்கிப் போட்டு, தாலியைக் கையில் எடுத்துக் கொடுத்துச் சத்தியம் வாங்கினேன். "அறுவது எண்ணு. அறுவது ஆனதும், சுண்டுனாலும் சரி, சுண்டாட்டாலும் சரி, அத்தான இழுத்துரு." பதினேழு வயதுப் பயல், அக்கா அழுதால் என்ன செய்வான்? எண்ணினான், இழுத்தான். உன் அப்பா கண்ணெதிரே சங்கு கிடக்க, கையை நீட்டும்போது மேலே வந்துகொண்டிருந்தார். நாள் முழுக்க முங்கி, பையில் இரண்டு மூன்று சங்கோடு கரைக்கு வந்தார். வள்ளத்தில் இருந்தவர்கள் விடுவார்களா? "என்னல, அடியில போயி கும்பிட்டுட்டு மட்டும் வாரியா?" "புது மாப்பிள்ளைக்கு வீட்டு நெனப்பு, கால் தரையில பாவ மாட்டேங்கு." அவர் தனக்குத்தான் மூச்சு குறைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். கடைசியில் என் தம்பி பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டான்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: "ஏளா, ஒன் தம்பி எண்ணுதான், நான் முங்குதேன். ரெண்டும் ஒத்து வரல. இனிமே எனக்குக் கயிறு வேண்டாம்." அடுத்த நாளிலிருந்து கயிறு இல்லாமல் இறங்கினார். கீழே என்ன நடக்கிறது என்று மேலே ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் நேரம் மிஞ்சிப் போய்விட்டது. சுண்டுவதற்குக் கயிறு இல்லை, இழுப்பதற்கு ஆள் இல்லை. தானாக உதைத்துக்கொண்டு வள்ளத்துக்கு எங்கேயோ தள்ளி வந்து மிதந்தார். இடது காதிலிருந்து ரத்தம். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

நீ சின்ன வயதில் அவர் வலது பக்கம்தான் உட்காருவாய். அப்பாவுக்கு ஏன் அந்தக் காது கேட்காது என்று நீ கேட்டபோதெல்லாம் காய்ச்சலில் போய்விட்டது என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. நான். அவர் சாகிற வரைக்கும் ஒருவரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தியத்தை மீறிச் சொன்னவன் என்று என் தம்பியோடு ஏழு வருடம் பேசவில்லை. தப்பு என்னுடையது, கோபம் மட்டும் அவன் மேல். அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றேன்.

இப்போது உன் பெண்ணிடம் வருகிறேன். வெள்ளிக்கிழமை பக்கத்துக் கல்லூரியில் இடம் பேசுவதற்காக அவளை இரண்டு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். வெந்நீர்தான் கொடுக்க வேண்டும், தனியாகக் கடைக்கு அனுப்பக் கூடாது என்று என் வாசலிலேயே எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனாய். நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏளா, அப்பாவ வரச் சொல்லி நீ கேட்டியா?"

"இல்ல ஆச்சி. அழுதேன். அழுததும் கொஞ்சம் லேசாச்சு, தூங்கிட்டேன். மறுநாள் கிளாஸுக்கும் போனேன். பக்கத்துக் கட்டில் பிள்ள என்னைய படம் பாக்கக் கூப்பிட்டா, சரின்னும் சொல்லிட்டேன். சாயங்காலம் பாத்தா அப்பா கேட்டுல நிக்காங்க."

"வரலன்னு சொல்ல வேண்டியதான?"

"சொன்னா அழுதுருவாங்க ஆச்சி. எல்லாப் பிள்ளைகளும் பாத்துட்டு நிக்கு."

கேட்டாயா? நீ அவளுக்காகப் பயப்படுகிறாய். அவள் நீ ஹாஸ்டல் வாசலில் அழுதுவிடுவாய் என்று பயந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். யார் யாரைக் காப்பாற்றிக் கூட்டி வந்தது? அதன் பிறகு அவள் சாதாரணமாக ஒன்று சொன்னாள். "இனிமே எங்கன இருந்தாலும் அழுதா அப்பாவுக்குப் போன் பண்ண மாட்டேன் ஆச்சி. ஒண்ணுமே சொல்ல மாட்டேன். நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிக்கிடுவேன்." எனக்கு இடது காதில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

படிப்பு போனால் போகட்டும், வேறு படிப்பு வரும். அவள் கயிற்றை அவிழ்க்கிறாள், அது உனக்கு உறைக்கிறதா? பக்கத்துக் கல்லூரியில் சேர்த்து, தினமும் வண்டியில் கொண்டு போய் விட்டு, ராத்திரி முள் எடுத்துக் கொடுத்து நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். அவள் உண்மையாகவே மூச்சு முட்டிக் கிடக்கிற ஒரு நாள் வரும். உன்னிடம் "நல்லாருக்கேன்" என்பாள். நீயும் நம்பிக்கொண்டு கையில் வெறும் கயிற்றோடு உட்கார்ந்திருப்பாய்.

இன்றைக்கு, சனிக்கிழமை மத்தியானம், சாளைக் குழம்பு வைத்தேன். அவள் தட்டில் முழு மீனாகவே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். விரலால் பிய்த்தாள், பாதி மீனைக் குழப்பினாள். இரண்டாவது வாயில் முள் மாட்டியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கை தானாக எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அவளே ஒரு வெறும் சோற்று உருண்டையை எடுத்து விழுங்கினாள். இருமினாள். போய்விட்டது. பிறகு சிரித்தாள். "இவ்வளவுதானா ஆச்சி?" அதன் பிறகு மூன்று மீன் தின்றாள். தட்டின் ஓரத்தில் முள்ளை எல்லாம் வரிசையாக வைத்திருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "ஆச்சி, நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்குக் கொச்சி போறேன். நீ அப்பாட்ட சொல்லிரு." நான் போ என்று சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் நான் இழுத்த மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "நான் எதுக்குச் சொல்லணும்? ஒனக்கு வாய் இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அப்புறம், "சரி, நானே சொல்லுதேன்" என்றாள்.

கொச்சிக்குப் போய் மறுபடியும் அழுவாள். ஃபோன் பண்ணினால் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கேள். நடுவில் நீ அழாதே. முடித்ததும், "நான் வரணுமா?" என்று ஒன்றே ஒன்று கேள். வரணும் என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடு, உன் கூட நானும் வருகிறேன். வேண்டாம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் படு. தூக்கம் வராது. வராவிட்டால் விழித்திரு, அது உன் பாடு. அதையும் அவள் தலையில் ஏற்றாதே.

இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு மரியாளிடம் கொடுத்து அனுப்புகிறேன். காலைப் பூசை முடிந்து ஆட்டோவில் உங்கள் காலனியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறாள். ஜெனி அதே நேரத்துக்கு இங்கிருந்து நடந்து கிளம்புவாள். ஆட்டோ வேண்டாம் என்றாள். வருகிற வழியெல்லாம் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவாளாக இருக்கும். வழியில் மனம் மாறினாலும் அது அவள் மனம். நீ இதைப் படித்து முடிக்கும்போது ரயில்வே கேட்டைத் தாண்டியிருப்பாள். வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போய்விடாதே. மாடியில் ஏறி எட்டிப் பார்க்காதே. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டும் நிற்காதே. உள்ளே போய் உட்கார். வீட்டு மணி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா